நான் அழித்த நீலக் கோடு

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும். குடை, தார்ப்பாய், கம்பளி, எஸ்டேட் ஆட்கள் போடும் ரப்பர் பூட்ஸ், இவைதான் சரக்கு. என் அப்பா, வீட்டில் எங்களுக்கு அத்தா, முப்பது வருடத்துக்கு மேலாக இவற்றையே விற்கிறார். வானம் இருண்டால் மற்ற வீடுகளில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். எங்கள் வீட்டில் குடோன் சாவியைத் தேடுவார்கள். மழைக்குப் பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்துக்குச் சமாதானம் கிடையாது. அந்த மலையின் வரைபடம் எப்படிப்பட்ட ஆளின் கையில் போய்ச் சேர்ந்தது என்று தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சேலத்தில் புவியியல் படித்தேன். செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போடக் கற்றுக்கொண்டு, ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மண்ணும் தண்ணீரும் மலையை விட்டு ஓடிப்போகாமல் தடுக்க அரசாங்கம் திட்டம் போடும்போது, எந்தச் சரிவில் வரப்பு வெட்டுவது, எந்த ஓடையில் எத்தனை கல் தடுப்பு கட்டுவது என்று குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை. பெய்கிற மழை எந்த ஓடையில் போய்ச் சேர்கிறதோ, அந்த ஓடைக்கு உரிய நிலம் முழுவதையும் நீர்வடிப்பகுதி என்பார்கள். சேர்வராயன் மலையில் அப்படிச் சில பகுதிகளுக்குத் திட்டம் கேட்டபோது அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் சந்தோஷமாகவே தலையைக் கொடுத்தேன். அலுவலகத்தில் மற்ற எல்லோரும் கீழ்நாட்டுக்காரர்கள். ஏற்காடு என்றால் அவர்களுக்குப் படகு சவாரியும் மிளகாய் பஜ்ஜியும்தான்.

வேலை இப்படித்தான் நடக்கும். செயற்கைக்கோள் எடுத்த படத்தோடு, நிலம் எங்கே எவ்வளவு உயரம் என்ற விவரமும் வரும். அதைக் கணினியில் கொடுத்தால், தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று அதுவே பார்த்து, ஓடைகளை நீலக் கோடுகளாகப் போட்டுவிடும். எங்கள் மலையில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று எஸ்டேட்டுகள் முழுக்க சில்வர் ஓக் மரம் நிற்கிறது. மேலிருந்து அளக்கும் கருவிக்குத் தரை தெரியாது; மரத்தின் உச்சிதான் தெரியும். உச்சியையே தரை என்று எழுதிக்கொள்ளும். எஸ்டேட்காரர் நடுவில் ஒரு துண்டு மரத்தை வெட்டி விற்றிருந்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரியும். பள்ளம் இருந்தால் தண்ணீரும் இருக்கும் என்று கணினி அங்கே ஓர் ஓடையைப் போட்டுவிடும். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே ஓடையும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. ஆனால் எந்த எஸ்டேட்டில் எந்த வருடம் மரம் வெட்டினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். மர லாரிகள் எங்கள் கடை முன்னால்தான் போகும். கிளியூர்ப் பக்கம் கணினி போட்டிருந்த மூன்று கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில், இவை ஓடை இல்லை, மரம் வெட்டிய தடம் என்று சொன்னேன். நடந்து போயும் பார்த்தேன். சொன்னது சரியாக இருந்தது. ஒரு கோடு மேட்டின் முதுகிலேயே ஓடியது. மூன்றையும் அழித்தேன். எங்கள் மேலாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, மலைக்காரர் மட்டும் இல்லையென்றால் மேட்டில் அணை கட்டிவிட்டு நின்றிருப்போம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயரே மலைக்காரர் என்றாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது கோடு வந்தபோது நான் அந்த மண்டைக்கனத்தோடுதான் இருந்தேன்.

அது கொட்டச்சேடு போகிற வழியில், ஒரு பழைய எஸ்டேட்டின் அடிவாரத்தில் இருந்தது. எஸ்டேட்டின் எல்லை முடிந்ததும் சரிவில் ஒரு துண்டு நிலம். அதில் ஆறு குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுப்பதாக இருந்தது. ஆறு பேரும் எஸ்டேட் கூலிகள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் எப்போதோ கீழ்நாட்டிலிருந்து காப்பி பறிக்க வந்தவர்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில்தான் தலைமுறையாக இருக்கிறார்கள். வேலையை விட்டால் லைன் வீட்டையும் விட வேண்டும். அதனால் சொந்தமாக ஒரு மனை என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

எங்கள் வரைவுத் திட்டத்தைக் கிராம சபைக் கூட்டத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வி.ஏ.ஓ. அதைப் பார்த்துவிட்டு, நீலக் கோடு ஆறு மனைகளில் மூன்றின் மேலாகப் போகிறது, ஓடை என்றால் அது ஓடைப் புறம்போக்கு, அதற்குப் பட்டா கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று மனைக்காரர்களில் ஒருவர் எங்கள் கடைக்கு வருடா வருடம் பூட்ஸ் வாங்க வருகிற அம்மா. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவருடைய கணவர் மிளகு பறிக்கும்போது ஏணியோடு விழுந்து இடுப்பு போனவர். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. ஆக, இந்த அம்மாவின் கைகள் ஓய்ந்தால் இரண்டு பேரும் தெருவில்தான். அவர் நேராகக் கடைக்கு வந்து அத்தாவிடம் அழுதிருக்கிறார். அத்தா எனக்குப் போன் செய்து, இருபது வருடமாக நம் கடைப் படியேறுகிற பெண்பிள்ளை, நீதான் அந்தக் கோட்டைப் போட்டாய் என்கிறார்கள், என்ன ஏது என்று பார் என்றார். கோட்டை நான் போடவில்லை, கணினி போட்டது என்றேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, வந்து பார் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே மலையேறினேன். நல்ல கோடைக்காலம். இடம் காட்டும் கைக்கருவியில் அந்தக் கோட்டை ஏற்றி வைத்துக்கொண்டு மனைகளிலிருந்து மேல்நோக்கி நடந்தேன். எஸ்டேட்டுக்குள் நுழைந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நினைத்தபடியே அங்கே இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நீளத் துண்டு சில்வர் ஓக்கை வெட்டி எடுத்திருந்தார்கள். அடிக்கட்டைகள் அப்படியே நின்றன. கோடு அந்தத் துண்டின் நடுவிலேயே போனது. மூன்று இடத்தில் பார்த்த அதே கோளாறு. பாதி வழியிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. விடை தெரிந்த பிறகு ஒருவன் எப்படிப் பார்ப்பானோ, மீதி வழியை அப்படித்தான் பார்த்தேன்.

கொஞ்சம் மேலே எஸ்டேட் ரோடு குறுக்கே போகிறது. ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாயின் வாய் தெரிந்தது. சருகும் காய்ந்த மண்ணும் அடைத்துக்கொண்டு, பூட்ஸால் எட்டி உதைத்தாலும் உள்ளே போகவில்லை. உதைத்துப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். கூட வந்த எஸ்டேட் ரைட்டர், அது எந்தக் காலத்திலோ போட்டது, எதற்கென்று தெரியாது என்றார். தண்ணீரே வராத இடத்தில் ரோட்டுக்கு அடியில் குழாய் எதற்குப் போட்டான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரோட்டின் மேல்பக்கமாக ஒரு வாய்க்கால் அடுத்த பள்ளத்தை நோக்கிப் போனது. மரம் ஏற்றிய லாரிகளின் சக்கரம் பட்டு அதன் கரை பல இடத்தில் உடைந்திருந்தது. அதையும் பார்த்தேன். ரோடு போட்டால் வாய்க்கால் இருக்கத்தானே செய்யும் என்று தாண்டிப் போனேன்.

இறங்கி வந்தபோது அந்த அம்மா தன் மனையில் காத்திருந்தார். பட்டா வருவதற்கு முன்பே வீட்டுக்குக் கடைகால் தோண்டத் தொடங்கியிருந்தார். அவரும் இன்னொரு பெண்ணுமாக வேலை நாள் போக மீதி நேரத்தில் தோண்டியது. என்னை உட்காரச் சொல்லி ஒரு கல்லை முந்தானையால் துடைத்தார். வரக்காப்பி கொடுத்தார். கடைகால் ஓரமாக அந்த மாதிரிக் கற்கள் குவிந்து கிடந்தன. கடைகாலுக்குக் கல் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம், தோண்டத் தோண்ட நல்ல கல்லாகக் கிடைக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்த கல் முட்டை மாதிரி வழவழப்பாக, உருண்டையாக இருந்தது. எல்லாமே அப்படித்தான் இருந்தன. மலைச்சரிவில் உடைந்து கிடக்கும் கல்லுக்கு முனை இருக்கும். தண்ணீர் உருட்டிய கல்லுக்குத்தான் முனை இருக்காது. இதைக் கல்லூரியில் முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சிக்கொண்டே, இங்கே எப்போதாவது தண்ணீர் வந்ததுண்டா என்று கேட்டேன்.

"இங்க தண்ணி வந்து நாங்க பாத்ததே இல்லீங்க சாமி" என்றார்.

எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். கோடு பிழை என்று அவரிடம் சொன்னேன். எப்படிப் பிழை, மரத்தின் உச்சியைக் கருவி எப்படித் தரையாக நினைக்கிறது என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் என் காலில் விழப் போனார், பிடித்து நிறுத்தினேன். பிடித்து நிறுத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பிய அன்றே கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு விசையைத் தட்டினால் போதும். குறிப்புப் பகுதியில், மர உச்சியால் வந்த பிழை, நேரில் பார்த்துச் சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன். கோடு போனதும் அதன் மேல் குறித்திருந்த கல் தடுப்புகளும், மேல்சரிவில் வெட்ட வேண்டிய வரப்புகளும் தாமாகவே திட்டத்திலிருந்து விழுந்துவிட்டன. ஓடையே இல்லாத இடத்தில் தடுப்பு எதற்கு? அவற்றை வேறு ஓடைக்கு மாற்றிக் கொடுத்தேன். மேலாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மலைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அல்லவா?

ஆறு பேருக்கும் பட்டா வந்தது. அடுத்த வருடம் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அந்த அம்மா வீட்டைக் கட்டி முடித்தார். குடிபோகும் நாளில் எங்கள் வீட்டில் எல்லோரையும் அழைத்திருந்தார். பால் காய்ச்சியதும் முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்க, எனக்கும் அத்தாவுக்கும் நாற்காலி போட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த சாமிதான் எங்கூட்டு மேல இருந்த கோட்ட எடுத்துப்போட்டது" என்றார். அவருடைய கணவர் கட்டிலில் சாய்ந்தபடி கும்பிட்டார். புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் சுவரில் சாய்ந்துகொண்டு, என் படிப்பு ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது ஐப்பசியில், நான்கு நாள் விடாமல் தூறிக்கொண்டிருந்த மழை ஐந்தாம் நாள் மத்தியானம் கொட்டித் தீர்த்தது. எஸ்டேட் ரோட்டின் மேல்பக்க வாய்க்காலில் வெட்டுமரக் கிளைகள் அடைத்துக்கொண்டன. கரை ஏற்கெனவே உடைந்ததுதான். தண்ணீர் ரோட்டைத் தாண்டிக் குதித்து, மரம் வெட்டிய துண்டின் நடுவாக இறங்கியது. கணினி எந்த இடத்தில் கோடு போட்டிருந்ததோ, அதே இடத்தில். கொஞ்சம் இப்படி அப்படிக்கூட இல்லை.

அந்த அம்மா அப்போது எஸ்டேட்டில் வேலையில் இருந்தார். பக்கத்து மனைக்காரர்கள்தான் அவருடைய கணவரைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். தூக்கி வந்து கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்சுவர் விழுந்தது. பிறகு தரையே போனது. கோட்டின் மேல் இருந்த மற்ற இரண்டு வீடுகளும் பாதி போயின. யாரும் சாகவில்லை. இதை எனக்குப் போனில் சொன்னவர்கள் எல்லோரும், நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை என்றுதான் தொடங்கினார்கள். எங்கள் அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். வேறு எதுவும் பேச வேண்டாம் என்பதற்கு அது ஒரு வசதியான வார்த்தை.

சேலத்திலிருந்து வரும் பெரிய ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால், மூன்றாம் நாள் குப்பனூர் வழியாகத்தான் மேலே போக முடிந்தது. கடையில் அத்தா தார்ப்பாய் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் கூட்டம். அந்த வாரம் எங்கள் குடோனில் தார்ப்பாயே தீர்ந்துபோனது. அத்தா என்னைப் பார்த்ததும் ஒரு சுருள் தார்ப்பாயை என் தோளில் வைத்து, அந்தப் பெண்பிள்ளைக்குக் கொடு என்றார்.

வீடு இருந்த இடத்தில் ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் ஓடியது. அதில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. மேலே போய்ப் பார்த்தேன். வெட்டிய துண்டில் மண் அறுத்துக்கொண்டு போய், பழைய ஓடையின் இரண்டு கரையும் வெளியே தெரிந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்ற மூன்று இடத்தில் மரம் வெட்டியதால் பொய்யான பள்ளம் தெரிந்தது. இங்கே மரம் வெட்டியதால் செயற்கைக்கோளுக்கு முதல் தடவையாக உண்மையான தரை தெரிந்திருக்கிறது. கருவி சரியாகவே பார்த்தது. அதைப் பிழை என்று சொல்ல மலையில் பிறந்த ஒருவன்தான் வேண்டியிருந்தது. ஏற்காட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு கீழ்நாட்டுப் பையன் இந்த வேலையைச் செய்திருந்தால் கோட்டை அப்படியே விட்டிருப்பான். கல் தடுப்பும் வந்திருக்கும்.

அந்த அம்மா லைன் வீட்டில், சொந்தக்காரர் ஒருவருடைய அறையில் இருந்தார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். தார்ப்பாயை வாங்கி ஓரமாக வைத்தார். என்னைத் தனியாக வெளியே கூட்டிவந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க சாமி, இப்ப அந்தக் கோட்ட மறுபடியும் போட்டுருவீங்களா?"

எனக்கு உடனே புரியவில்லை. கோடு திரும்ப வந்தால் பட்டா போய்விடும் என்பதுதான் அவருடைய பயம். பட்டா கையில் இருந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பி, பக்கமாக ஒரு ரூமாவது எழுப்பிக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டுவைத்திருந்தார். மறுபடியும் தண்ணீர் வரும் என்று சொன்னேன். அது ஓடைதான் என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அது ஓடையாக இருந்தது தனக்கும் தெரியும் என்றார். மாமனார் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கிறார்: ரோடு போட்டு, அடியில் போட்ட குழாய் அடைத்துக்கொண்ட பிறகு எஸ்டேட்காரர்கள் ஓடையை மறித்து, வாய்க்கால் வெட்டி அடுத்த பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று. அந்த அம்மா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தை பொய்யும் இல்லை.

"கண்ணால பாக்காததச் சொல்லி எதுக்கு மனையக் கெடுத்துக்கோணும்னு இருந்துட்டேன். எனக்கு வேற எடம் ஏதுங்க சாமி? தண்ணி வந்தா வரட்டும். நீங்க மட்டும் அந்தக் கோட்டப் போட்டுராதீங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. கோடு இல்லையென்றால் மேலே ஒரு கல் தடுப்பும் வராது. அடுத்த மழைக்குத் தண்ணீர் இரண்டு பக்கமும் கரையை அறுக்கும். தப்பிய மூன்று வீடுகளும் போகும். மழைக்குப் பிறகு வந்த செயற்கைக்கோள் படத்தில், பச்சைக்கு நடுவே அந்த இடம் செம்மண் நிறத்தில் ஒரு கீறலாகத் தெரிந்தது. எந்தப் படிப்பும் இல்லாதவர்கூட விரல் வைத்துக் காட்டலாம். நான் கோட்டைப் போட்டேன். இந்தத் தடவை கையாலேயே போட்டேன். முதலில் ஏன் அழித்தேன் என்பதையும் அறிக்கையில் எழுதினேன். மேலாளர் அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பிவைத்தார். இப்படியெல்லாம் எழுதினால் அடுத்த வேலை யார் கொடுப்பார்கள் என்றார். நான் சண்டை போடவில்லை. எனக்கும் அடுத்த வேலை வேண்டியிருந்தது.

மூன்று பட்டாக்கள் ரத்தாயின. மாற்று இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை தரவில்லை. நானும் இரண்டு தடவை தாலுகா ஆபீசுக்குப் போய் நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அந்த அம்மா இன்னும் லைன் வீட்டில் அதே அறையில் இருக்கிறார். கை ஓயும்வரை அங்கே இருக்கலாம்.

கல் தடுப்புகள் மட்டும் சீக்கிரமாக வந்துவிட்டன. சேதம் நடந்த இடம் என்பதால் முதலில் எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குப் பக்கத்து ஆட்களையே போட்டார்கள். நான் அளவு பார்க்கப் போனபோது அந்த அம்மாவும் கல் தூக்கிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து கல் கொண்டுவரத் தேவைப்படவில்லை. பள்ளத்திலேயே உருண்டை உருண்டையாகக் கிடந்தது. கடைகாலில் இருந்தவைதான் பெரும்பாலும். சிலவற்றில் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன. வேலை நன்றாக நடந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. தடுப்புக்கு மேலே வண்டல் தங்கி, கீழே தண்ணீர் நிதானமாக இறங்கியது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே போல் கட்டியிருந்தால் வெள்ளம் இவ்வளவு வேகமாக வந்திருக்காது.

முடிந்த வேலையைக் கைபேசிச் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தில் தடுப்பின் பக்கத்தில் ஒரு பயனாளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆள் நின்றால்தான் உயரம் தெரியும். கங்காணி அந்த அம்மாவைக் கைகாட்டினார். வேண்டாம், வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலைச்சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார். கங்காணி தள்ளிப் போனதும், தடுப்பின் மேல்வரிசையில் இருந்த ஒரு கல்லில் கையை வைத்தார்.

"அன்னிக்கு நீங்க உக்காந்து காப்பி குடிச்சது இந்தக் கல்லுலதானுங்க."

தெரியும் என்று தலையாட்டினேன்.

"ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இது ஓடைன்னு தெரிஞ்சேதான், எங்களப் பாவம் பாத்து அழிச்சுக் குடுத்தீங்கன்னு நெனச்சிருந்தேன். படிச்சவங்க, மேல தண்ணிக்கு ஏதாச்சும் வழி பண்ணித்தான் வெச்சிருப்பீங்கன்னு நம்பி ஊட்டக் கட்டுனேன். தெரியாமத்தான் அழிச்சீங்களா சாமி?"

குழாயை நினைத்தேன். கல்லை நினைத்தேன். "தெரியலீங்கக்கா" என்றேன். எது தெரியவில்லை என்று அவரும் கேட்கவில்லை. இத்தனை நாளும் அவர் என்னைத் திட்டாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தே உதவி செய்த ஒருவன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று இப்போது நானே சொல்லிவிட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றார்.

நான் படத்தை எடுத்தேன். செயலி இடத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. பெயர், ஊர் எல்லாம் நிரப்பிய பிறகு, இந்தத் தடுப்பால் பாதுகாக்கப்படும் சொத்து என்று ஒரு கட்டம் வந்தது. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பட்டியலில் வீடு, விளைநிலம், கிணறு என்று மூன்றுதான் இருந்தன. அவர் இன்னும் தடுப்பின் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். நான் வீடு என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன்.